முப்பத்து நாலு வயதில் தெரிந்துகொள்ளலாமா?

கேள்வி: கன்டெய்னர் யார்டில் ஷிஃப்ட் வேலை. வயது 34. கணக்கெழுத உட்கார்ந்தால் மனம் நிற்பதில்லை, பள்ளியிலிருந்தே இப்படித்தான். ஏ.டி.எச்.டி. என்னும் கவனக் குறைபாடாக இருக்குமோ? யாரைப் பார்ப்பது?
— ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: இருக்கலாம். ‘பள்ளியிலிருந்தே’ என்கிறீர்களே, மருத்துவரும் அதைத்தான் முதலில் கேட்பார். 2013-இல் வெளியான டி.எஸ்.எம்.-5 என்ற மனநல நோயறிதல் கையேட்டின் வரையறைப்படி 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். அவை வீடு, வேலை என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைச் சொல்லாது. விரிவாகப் பேசித்தான் கண்டுபிடிப்பார்கள். அதனால் உங்களைச் சிறுவயதில் பார்த்த அம்மாவையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு போங்கள். பழைய ராங்க் கார்டு கிடைத்தால் இன்னும் நல்லது.

நைட் ஷிஃப்டையும், குடிப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். தூக்கக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு எல்லாமே கவனத்தைச் சிதறடிக்கும். அவற்றையும் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது. இணையத்தில் கிடைக்கும் கேள்வித்தாளை நிரப்பி நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ‘சோம்பேறி’ என்ற பட்டத்தை இத்தனை வருடம் சுமந்திருந்தால், அதை இன்றே இறக்கி வையுங்கள்.

உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகத் தயக்கமா? முதலில் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவை அது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.