தியேட்டர் வாசல் கையெழுத்து

அன்புள்ள கயல்,

குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவில் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்துவிட்டாய். சந்தோஷம். "ஆபரேஷனில் ஏதாவது ஆகிவிட்டால் கேஸ் யார் மேல் வரும் பெரியப்பா?" என்று கேட்டிருந்தாய். கவனக்குறைவு நிரூபணமானால் டாக்டரோடு ஆஸ்பத்திரியும் பதில் சொல்லியாக வேண்டும். தன்னிடம் வேலை பார்ப்பவர் செய்த பிழையிலிருந்து நிர்வாகம் கை கழுவிவிட முடியாது.

1993-இல் டெல்லியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டைபாய்டு என்று சேர்த்த சிறுவனுக்கு நர்ஸ் போட்ட ஊசியால் இதயம் நின்று, மூளை மீளாதபடி கெட்டது. 1998-இல் உச்ச நீதிமன்றம் ஆஸ்பத்திரியையே பொறுப்பாக்கியது. பிள்ளைக்கு 12.5 லட்சம், பெற்றோருக்குத் தனியாக 5 லட்சம். பணம் கட்டிச் சேர்த்த தாய் தகப்பனும் நுகர்வோர்தான் என்றது அந்தத் தீர்ப்பு.

எழும்பூர் வழக்கை நீ அவசியம் படி. 1996 ஆகஸ்டில் அங்கே அரசு மருத்துவமனையில் 29 வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கு விழித்திரை கெடும் அபாயம் உண்டு. முதல் சில வாரங்களிலேயே கண்டுபிடித்தால் சிகிச்சையும் உண்டு. யாரும் கண்ணைப் பரிசோதிக்கவில்லை. டிஸ்சார்ஜ் ஆகும்போது பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. அமெரிக்காவரை கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்தும் பார்வை திரும்பவில்லை. சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு, அதில் பெரும்பகுதியை அரசு கொடுக்க வேண்டும் என்று 2015-இல் தீர்ப்பு வந்தபோது அவளுக்கு 18 வயது.

என்னிடம் வரும் பெற்றோரில் பலர் முதலில் கேட்பது பணமல்ல. "என்ன நடந்ததுன்னு யாருமே சொல்லல சார்" என்பதுதான் அவர்கள் ஆற்றாமை. அதனால் ஒப்புதல் படிவத்தைத் தியேட்டர் வாசலில் நீட்டாதே. பிள்ளையை ஸ்ட்ரெச்சரில் உள்ளே தள்ளிக்கொண்டு போகும் நேரத்தில் ஒரு தகப்பனுக்கு எழுத்தே கண்ணில் படாது. சின்னப் பிள்ளைக்கு அறுவை சிகிச்சை என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்குமுறை விதி. முதல் நாளே உட்காரவைத்து, தமிழில் சொல்லி வாங்கு.

பிரச்சினை வந்தபின் கேஸ் ஷீட்டில் கை வைப்பதைப் போலக் கெடுதல் வேறில்லை. விட்டுப்போனதைப் பின்னால் எழுதினால் அன்றைய தேதியும் நேரமும் போட்டு எழுது. பழைய வரியை அடிக்காதே. பெற்றோர் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

'கோர்ட்டுக்குப் போனாலும் சமரசம் பேசிக்கொள்ளலாம்' என்று நிர்வாகிகள் சொல்வார்கள். மருத்துவக் கவனக்குறைவால் மரணமோ கொடுங்காயமோ நேர்ந்த வழக்கை நுகர்வோர் ஆணையம் சமரசத்துக்கு அனுப்ப 2020-ஆம் ஆண்டு விதிகளில் இடமில்லை. ஆகவே பேச வேண்டியதை வார்டிலேயே, தலைமை டாக்டரும் நிர்வாகியும் பெற்றோர் முன் வந்து உட்கார்ந்து பேசட்டும். அவர்களை அழைத்துவரும் வேலையை நீ செய்யலாம்.

அன்புடன்,
பெரியப்பா