தேனீ வளர்ப்போர் சங்கம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் மார்த்தாண்டம். அதனைச் சூழ்ந்த மேட்டு நிலங்களில் இரப்பர்த் தோட்டங்கள் மிகுதி. மார்கழி மாதத்தில் அம்மரங்கள் இலைகளை உதிர்த்து வெறுங்கொம்புகளாய் நிற்கும். தை பிறந்தபின் செம்பு நிறத் தளிர்கள் தோன்றும். அத்தளிர்கள் முற்றி வருங்கால், மூன்று சிற்றிலைகளும் காம்பொடு கூடும் இடத்தில் உள்ள சுரப்பிகள் இனிய நீரைக் கசிய விடும். தேன் மலரில்தான் பிறக்கும் என்று எண்ணுவோர் பலர். ஈண்டு அஃது இலைக்காம்பிலும் பிறக்கின்றது! அவ்வினிய நீரை நாடிக் காலை முதல் மாலை வரை தேனீக்கள் தோட்டமெங்கும் இரைந்துகொண்டே இருக்கும். மரத்தடியில் வரிசையாக நிறுத்தப்பட்ட மரப்பெட்டிகளே அவற்றின் வீடுகள்.

நம் நாட்டுத் தேனீக்களுள் மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் பெட்டிக்குள் அடங்கி வாழா. அவை வெட்டவெளியில் ஒற்றை அடை கட்டுவன. மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் இருளை விரும்பிப் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டும் அடுக்குத் தேனீயே பெட்டியில் வளர்த்தற்கு ஏற்றது. முன்னாளில் இதன் தேனையும் மக்கள் பொந்தில் புகையிட்டு, அடைகளை அறுத்து, கையாற் பிழிந்தே எடுத்தனர். தேனொடு முட்டையும் புழுவும் நசுங்கும், கூடும் அழியும். 1851-ஆம் ஆண்டில் லாங்ஸ்ட்ராத் என்னும் அமெரிக்கர் ஓர் உண்மையைப் பயன்படுத்தினார். அடைகளுக்கிடையே ஈக்கள் தாம் நடமாடுதற்கு வேண்டிய சிறு இடைவெளியை மட்டும் அடைக்காமல் விட்டுவிடும் என்பதே அது. அவ்விடைவெளியை அளந்து சட்டங்களைத் தொங்கவிட்டால், ஒவ்வோர் அடையையும் புத்தகத்தின் ஏடுபோலத் தனியே எடுத்துப் பார்க்கலாம். நம் நாட்டுச் சிறிய ஈக்கு ஏற்றவாறு அளவைக் குறுக்கிப் பெட்டி அமைத்தவர் நியூட்டன் பாதிரியார். 1911 முதல் 1917 வரை தென்னாட்டில் பலருக்கு அவர் இக்கலையைக் கற்பித்தார். நியூட்டன் பெட்டி என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது.

பெட்டி வந்துவிட்டால் மட்டும் போதுமா? அதனை வாங்கும் ஏழை உழவனுக்குக் கற்பிப்பார் யார்? அவன் எடுக்கும் தேனை வாங்குவார் யார்? மார்த்தாண்டம் திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்திருந்த காலத்தில், 1920-களில், ஒய்.எம்.சி.ஏ. நிறுவனத்தார் அங்கே ஒரு கிராமச் சீரமைப்பு நிலையம் கண்டனர். அதனை முன்னின்று நடத்தியவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர். நிலமில்லாதவனும் செய்யக்கூடிய சிறு தொழில்களை அவர் தேடினார். கோழி வளர்ப்பும் தேனீ வளர்ப்பும் அவற்றுள் அடங்கின. தேனீக்கு மேய்ச்சல் நிலம் விலைக்கு வாங்க வேண்டுவதில்லை. அடுத்தவன் தோட்டத்தில் மேய்ந்துவரினும் அவனுக்கு இழப்பு இல்லை. மகரந்தச் சேர்க்கையால் ஊதியமே உண்டு. ஆயினும் தனித்தனியே நின்றால் இச்சிறு தொழில்கள் நிலையா என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆதலின், கூடி விற்றலும் அங்கே தொடக்கம் முதலே கற்பிக்கப்பட்டது. பின்னர் அவ்வட்டாரத்தில் தேனீ வளர்ப்போரின் கூட்டுறவுச் சங்கமும் எழுந்தது.

சங்கத்தில் சேர்வதால் ஒருவர்க்கு விளையும் பயன் யாது? புதிதாக இரண்டு பெட்டிகள் வாங்கிய ஓர் இளைஞரைக் கருதுவோம். அவர் நூல்களைக் கற்றவர், ஊக்கம் மிகுந்தவர். அவ்வூக்கமே அவருக்குப் பகையாயிற்று. ஈக்கள் என்ன செய்கின்றன என்று அறியும் ஆவலால் நாள்தோறும் பெட்டியைத் திறந்தார். பத்தாம் நாள் ஒரு பெட்டி வெறுமையாய்க் கிடந்தது. மற்றொன்றில் எறும்புகள் ஏறத் தொடங்கியிருந்தன. மனம் உடைந்த அவர், சங்கத்தின் மாதக் கூட்டம் நடந்த இடத்திற்குச் சென்று முதியவர் ஒருவரிடம் முறையிட்டார்.

“அண்ணாச்சி, நாள் தவறாமல் திறந்து பார்த்தேன்; ஆயினும் ஈக்கள் போய்விட்டனவே!”

“நாள் தவறாமல் திறந்ததனாலேதான் போயின, தம்பி. உங்கள் வீட்டுக் கூரையை ஒருவன் நாள்தோறும் பிரித்துப் பார்த்தால் நீங்கள் அங்கே குடியிருப்பீர்களா?”

கூடியிருந்தோர் நகைத்தனர். ஆனால் முதியவர் அத்தோடு விடவில்லை. அன்று மாலையே இளைஞருடன் சென்று எஞ்சிய பெட்டியைப் பார்த்தார். தாங்கியின் நான்கு கால்களையும் நீர் நிரம்பிய கிண்ணங்களில் நிறுத்தினார். எறும்பு ஏறுதல் நின்றது. பெட்டியை உச்சிவெயில் படாத நிழலுக்கு மெல்ல மாற்றினார். சட்டம் ஒன்றை எடுத்து, ஒளிக்கு எதிரே சாய்த்துப் பிடித்து, அறைகளின் அடியில் வெண்ணூல் துண்டுபோல் நின்ற முட்டைகளைக் காட்டினார். “இராணியை நாம் தேடிக் காண வேண்டியதில்லை. முட்டை இருந்தால் இராணி இருக்கிறாள்” என்றார். நூலில் இளைஞர் இதனைப் படித்தே இருந்தார். ஆயினும் முட்டை இன்னது என்று அன்றுதான் அவர் கண் அறிந்தது. தேனீ வளர்ப்பு பெரும்பாலும் கண்ணாலும் கையாலும் கற்க வேண்டிய கலை. ஏட்டில் எழுதியது, அதனைச் செய்தவர் அருகே நிற்கும்பொழுதே பொருள்படுகின்றது.

அடை விளிம்பில் நிலக்கடலைபோல் இராணி அறை தொங்கினால், ஈக்கள் பிரிந்து செல்ல எண்ணுகின்றன என்பது பொருள். பழைய இராணி பாதி ஈக்களுடன் பறந்து போய்விடும். அறிந்தவர், அஃது நிகழுமுன்பே சட்டங்களைப் பகுத்து இரண்டாம் பெட்டியில் வைத்துக் குடியைப் பெருக்கிக்கொள்வார். அறியாதவர் குடியின் பாதியை இழப்பார். இவ்வறிவு சங்கத்தில் விலையின்றிக் கிடைப்பது. தேனைச் சுழற்றி எடுக்கும் இயந்திரம், புகையூட்டி முதலியவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்காமல் பொதுவில் வைத்து ஆளலாம் என்பதும் ஒரு பயனே.

இவற்றினும் பெரிது, மழைக்காலத்தைக் கடப்பது. குமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. ஆனி முதல் கார்த்திகை வரை ஈக்களுக்கு உணவு அருகும். மாசி பங்குனியில் தேன் எடுத்தவர் ஆடி ஆவணியில் பெட்டியை மறந்தால், ஈக்கள் பட்டினியால் மடியும். வலுக்குன்றிய பெட்டியில் மெழுகு அந்துப்பூச்சி புகுந்து அடையைச் சல்லடையாக்கும். அக்காலத்தில் சர்க்கரைப் பாகு கொடுத்தல் வேண்டும். அதனையும் மாலையில் கொடுத்தல் வேண்டும். பகலில் கொடுத்தால் அயற்பெட்டி ஈக்கள் மணத்தை முகர்ந்து கொள்ளையிட வரும். ஒருவர் தம் பெட்டிகளைப் புறக்கணிப்பின், அக்கேடு அவரோடு நில்லாது. அடுத்தவர் பெட்டியையும் தொடும். ஒரே தோட்டத்தில் அளவுக்கு மீறிப் பெட்டிகளைக் குவித்தால் அனைவருக்கும் தேன் குறையும். தோட்டத்தில் மருந்து தெளிக்கும் நாள் முன்னரே தெரியாவிடில் ஆயிரக்கணக்கான ஈக்கள் மடியும். யார் எங்கே பெட்டி வைப்பது, தோட்ட உரிமையாளரிடம் யார் பேசுவது என்பனவற்றைத் தனி ஒருவர் முடிவு செய்தல் அரிது. கூடிப் பேசினாலன்றி இவை தீரா.

விற்பனையில் சங்கத்தின் துணை இன்னும் தெளிவாகப் புலப்படும். தேனில் நீர் மிகுந்திருந்தால், சின்னாளில் அது நுரைத்துப் புளிக்கும். அடை அறைகளை ஈக்கள் மெழுகால் மூடுமுன் அவசரப்பட்டு எடுத்த தேனில் இக்குறை மிகுதி. சங்கம் தேனின் நீரளவைச் சோதித்து, இளஞ்சூட்டில் பதப்படுத்தி, வடிகட்டி, ‘அக்மார்க்’ தரம் பெற்று விற்க இயலும். தனியொருவர் குப்பியில் அடைத்துத் தெருவில் விற்கும் தேன் எவ்வளவு தூயதாயினும், வாங்குவோர் ஐயத்தோடே நோக்குவர். வெல்லப்பாகைக் கலந்து விற்பவரும் உலகில் உள்ளனர் அன்றோ? சங்கத்தின் முத்திரை அவ்வையத்தை நீக்கும். ஆனால் அம்முத்திரை உறுப்பினர் ஒவ்வொருவரையும் கட்டுப்படுத்தும் விலங்குமாகும். ஒருவர் கலப்படம் செய்தால் ஊரின் பெயரே கெடும். ஆகையால், நன்றாக விளைந்த ஆண்டில் மிகுந்த விலை தருவதாகச் சொல்லும் வெளி வணிகரிடம் நழுவிச் சென்று, விலை வீழ்ந்த ஆண்டில் சங்கத்தை நாடி வருவோரை மற்ற உறுப்பினர்கள் விரும்புவதில்லை. அவ்வெறுப்பில் நியாயம் உண்டு. 2023-ஆம் ஆண்டில் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப்பெயரே ஒரு பொதுச்சொத்து என்பதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது.

1991, 1992-ஆம் ஆண்டுகளில் தென்னாட்டுத் தேனீக்களுக்குப் பெருங்கேடு ஒன்று நேர்ந்தது. தாய்லாந்தில் முதலில் அறியப்பட்ட ஒரு வைரசு நோய் இங்கும் பரவிற்று. புழுக்கள் கூட்டுப்புழுவாகும் முன்பே இறந்து, நீர் நிறைந்த சிறு பைகளைப்போல் அறைகளில் கிடந்தன. இளந்தலைமுறை தோன்றாமையால் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையாயின. அடுக்குத் தேனீக் குடிகளின் பெரும்பகுதி தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அழிந்தது. பல்லாண்டு உழைப்பால் நூறு பெட்டி சேர்த்தவர் ஒரே பருவத்தில் வெறும் பலகைகளோடு நின்றார். நோய்க்கு மருந்து இல்லை.

அத்தகைய காலத்தில் தனித்து வாழ்பவர் செய்வது யாது? தம் கவனக்குறைவே காரணம் என்று நாணி, பிறரிடம் மறைப்பார். அல்லது நோயுற்ற பெட்டியை அறிந்தோ அறியாமலோ மலிவாக விற்றுவிடுவார். நோய் அடுத்த ஊர்க்குப் போகும். பொதுவில் ஆளும் கருவிகளும் கைமாறும் அடைகளும் நோயைச் சுமந்து செல்லக்கூடும். சங்கத்தால் வரும் நன்மையோடு இத்தீமையும் ஒட்டியிருப்பதை மறைத்தல் ஆகாது. எனவே, கருவிகளைத் தூய்மை செய்தபின் கொடுத்தலும், நோய் கண்டவுடன் நாணாது கூறுதலும் உறுப்பினர் கடமைகளாகும். அப்பேரழிவிலும் சில குடிகள் சாகாமல் எஞ்சின. நோயைத் தாங்கிய அக்குடிகளைக் கண்டறிந்து, அவற்றையே பகுத்துப் பகுத்துப் பெருக்கியதனால்தான் தொழில் மீண்டது. எவர் வீட்டுப் புறக்கடையில் எந்தப் பெட்டி தப்பிற்று என்பதை ஒருவர்க்கொருவர் கூறாதிருந்தால், அத்தேர்வு எங்ஙனம் நிகழும்?

முற்கூறிய இளைஞரின் ஒற்றைப் பெட்டி அம்மழைக்காலத்தைக் கடந்தது. தையில் அது வலுப்பெற்றது. இராணி அறை கண்டதும் முதியவர் முன்னிலையில் அவரே அதனை இரண்டாகப் பகுத்தார். மறு ஆண்டு இரண்டு நான்காயின. அவற்றுள் ஒன்றைச் சங்கத்தின் வழியாகப் புதிய உறுப்பினர் ஒருவர் வாங்க வந்தார். பெட்டியை அந்திக்குப்பின் வாயிலடைத்துத் துணியால் கட்டிக் கொடுக்கும்பொழுது, “நாளைக்கே திறந்து பார்க்கலாமா, அண்ணாச்சி?” என்று அவர் கேட்டார். இளைஞர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நான்கு கிண்ணங்களையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார்.