சங்கிலியிட்ட நூல்கள்

அறிவியல் பயிலும் நாம் நியூட்டனை அறிவோம். அவர் படித்த ஊரை அறிவோமா? இங்கிலாந்தில், லிங்கன்ஷயரிலுள்ள கிராந்தம் என்னும் சந்தை நகரமே அது. தூய வுல்ஃப்ரம் கோயிலின் கூர்நுனிக் கோபுரம் ஏறத்தாழ 280 அடி உயர்ந்து நிற்கிறது. அருகே நியூட்டன் பயின்ற கிங்ஸ் பள்ளியின் பழைய கட்டடம். சன்னல் விளிம்பில் அவர் பெயரை இன்றும் காணலாம். விதம் ஆற்றங்கரையில் விண்டம் பூங்கா. முதல் உலகப் போரில் மாண்டோர் நினைவாக 1924-இல் திறக்கப்பட்டது. மாண்டவர்க்குக் கல் மட்டும் நாட்டாது, குழந்தைகள் ஓடியாடப் பசும்புல்லும் விட்டனர்.

ஆயினும், என் உள்ளத்தைத் தொட்டது அக்கோயிலின் தெற்கு வாயில்மேல் உள்ள சிறு அறை. 1598-இல் பிரான்சிஸ் டிரிக் என்னும் பாதிரியார் அங்கே நூலகம் கண்டார். குருமார்க்கு மட்டுமன்று, ஊரார்க்கும் உரியது அது. நூல்கள் களவு போகாதிருக்கச் சங்கிலியிட்டனர். அச்சங்கிலி நூலைப் பூட்டவில்லை. வருவோர் படிக்கத் திறந்தே வைத்தது.

நம் சங்கத்து அலமாரியோ ஓராண்டாகத் திறக்கப்படவில்லை. சாவியைத் தொலைத்தவன் நானே, வெட்கி வாளாவிருந்தேன். நண்பர்களே, இவ்வாரமே பூட்டை உடைப்போம், வேண்டுமாயின் சங்கிலியிடுவோம்!