களரியும் ஒளிப்படமும்

நாட்டார் கலைகளைத் தொகுக்கச் செல்லும் ஆய்வாளனுக்கு எழுதுகோலைப் போலவே ஒளிப்படக்கருவியும் இன்றியமையாததாகிவிட்டது. வெட்டவெளியில் நிகழும் விழாவைப் படமெடுத்தல் எளிது. உள்ளரங்கில், மங்கிய ஒளியில், விரைந்தியங்கும் தற்காப்புக் கலையைப் படமெடுத்தல் அரிது. கேரளத்துக் களரிப்பயிற்றைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களரியின் அமைப்பு

வடமலபாரின் மரபுக் களரி நிலத்தை அகழ்ந்து அமைக்கப்படுவது; ஆதலின் குழிக்களரி எனப் பெயர் பெற்றது. நீளம் 42 அடி, அகலம் 21 அடி என்பது மரபளவு. கிழக்கே வாயில், தென்மேற்கு மூலையில் ஏழு படிகளையுடைய பூத்தறை, மேலே ஓலைக்கூரை. வெயிலும் காற்றும் தாக்காவண்ணம் அமைந்த இக்கட்டடம் ஒளியையும் தடுத்துவிடுகிறது.

ஒளியைப் பெறும் வழி

லென்ஸின் துளை, திறப்பு நேரம், கருவியின் உணர்திறன் ஆகிய மூன்றுமே ஒளியின் அளவை வரையறுப்பன. கருவியுடன் வரும் சாதாரண லென்ஸ், தொலைக்காட்சியை அணுக்கமாக்கும் நிலையில் எஃப் 5.6 வரையே பெரும்பாலும் திறக்கும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸோ அதனினும் ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை ஏற்கும். சுழலும் கோலைத் தெளிவுறப் பதிக்க வினாடியில் 500இல் ஒரு பங்கு திறப்பு வேண்டும். அதற்கென ஐ.எஸ்.ஓ. அளவை 3200, 6400 என உயர்த்தினால் மணல் தூவினாற்போலப் புள்ளிகள் தோன்றும். அஞ்ச வேண்டுவதில்லை, புள்ளி விழுந்த படம் ஆய்வுக்குப் பயன்படும், கலங்கிய படம் பயன்படாது.

இக்காலக் கூடங்கள் சிலவற்றில் பழைய சோக்குடன் கூடிய குழல்விளக்குகள் உள்ளன. நம் நாட்டு மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ் ஆதலின் அவற்றின் ஒளி வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். விரைந்த திறப்பில் ஒரு படம் வெளுத்தும் அடுத்தது கறுத்தும் அமைவது இதனாலேயே. ஆங்கு 1/100 வினாடி திறப்பே ஒளியைச் சமனாக்கும். ஆயின் அசைவு கலங்குமே எனின், உயரத் தூக்கிய கால் உச்சியை எட்டி மீளுமுன் ஒரு கணம் நிற்கும், அக்கணமே படத்திற்குரியது. அதனை அறிய, முதல் நாள் கருவியை உறையிலேயே வைத்து, குருக்களின் வாய்த்தாரியையும் மெய்ப்பயிற்றின் ஒழுங்கையும் கண்டும் கேட்டும் பழகுதல் வேண்டும்.

எமக்கு நேர்ந்த பிழை

2016ஆம் ஆண்டில் மாணவர் குழுவுடன் களரி ஒன்றிற்குச் சென்றிருந்தோம். இருவர் வாளும் பரிசையும் ஏந்திப் பொருதுகையில், யாம் அணைக்க மறந்த மின்னொளி பளிச்சிட்டது. வாளேந்திய இளைஞர் கண் கூசி ஓரடி பிழைத்தார். எதிர் நின்றவரின் பரிசை அவ்வீச்சைத் தாங்கியது. குருக்கள் பயிற்சியை நிறுத்தினார். எம்மைக் கடிந்திலர், "படத்தை நாளையும் எடுக்கலாம்" என்று மட்டும் கூறினார். அன்று எடுத்தவற்றுள் மிகத் தெளிவானது அப்படமே. அதனை இன்றுவரை எவர்க்கும் காட்டினோமில்லை.

முடிவுரை

பஸராவில் பிறந்த அறிஞர் இப்னு அல் ஹைதம், 11ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'கிதாபுல் மனாஸிர்' என்னும் நூலில், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுட் புகுவதாலேயே காட்சி உண்டாகிறது என விளக்கினார். ஆகவே பிறர் கண்ணுள் நாம் செலுத்தும் ஒளிக்கு நாமே பொறுப்பாளர். களப்பணிக்குச் செல்லும் மாணவச் செல்வங்கள் முதலில் அனுமதி பெறுக, மின்னொளியை அணைத்துவைக்க, எடுத்த படங்களின் படியொன்றைக் களரிக்கே அளித்து மீள்க. கலையைக் காக்கச் செல்வோர் கலைஞரையும் காத்தல் கடன்.