ஜூம் என்று எழுதினால் ட்ராலி வராது

விளம்பரப் படம், நிறுவனப் படம், ஆவணப் படம் என்று ஒளிப்பதிவு செய்து பிழைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஷாட் லிஸ்ட்டில் வருகிற ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லும் ஒரு வாடகைச் செலவு. பேன், டில்ட் என்றால் நல்ல ட்ரைபாடும் ஹெட்டும் போதும். டிராக் என்றால் தண்டவாளம், ட்ராலி, அதைத் தள்ள ஆள், ஏற்றிப்போக வண்டி எல்லாம் வேண்டும். கிரேன் என்றால் செலவும் ஆட்களும் இன்னும் கூடும். எழுதுகிறவர் ஒரு சொல்லை மாற்றி எழுதினால் வண்டியில் ஏறவேண்டிய சாமான் ஏறாது. ஸ்பாட்டில் போய் நின்றபின் அதைச் சரிக்கட்டவும் முடியாது. பழி மட்டும் கேமராமேன் தலையில் விழும். என் தலையில் விழுந்தது. அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் வீடு. சேலைக் கடை ஒன்றுக்கான விளம்பரம். ஏஜென்சி அனுப்பிய பட்டியலில் முக்கியமான ஷாட்டுக்கு நேரே, 'ஸ்லோ ஜூம் இன், பாவிலிருந்து நெசவாளர் முகத்துக்கு' என்று இருந்தது. படித்ததுமே சந்தேகம் வந்தது. போன் செய்தேன்.

"மேடம், ஜூம்தானா, இல்ல டிராக் இன்னா? டிராக்னா நான் ட்ராலிக்கு இன்னைக்கே சொல்லணும்."

"ரெண்டும் ஒண்ணுதானே சார். கிட்ட போகணும், அவ்வளவுதான். ட்ராலிக்கெல்லாம் பட்ஜெட் இல்ல."

ஜூம் லென்ஸோடு போனேன். லெவல் பார்த்தது, லைட் வைத்தது, ஃபோகஸ் குறித்தது எல்லாம் வழக்கம்போல. அதைவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். அது குழித்தறி. நெய்கிறவர் குழிக்குள் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். பாவு, அதாவது தறியின் நீளவாட்டு நூல்கள், அவருக்கு எதிரே நீண்டு போய்க் கட்டப்பட்டிருந்தது. அந்தக் கோடியில், பாவை ஒட்டினாற்போல ஒரு பக்கமாக கேமரா. கேமராவுக்கும் அவருக்கும் நடுவே, பாவு நூலைத் தூக்கி இறக்கும் விழுதுக் கட்டு தொங்கியது. அது அவர் முகத்தில் பாதியை மறைத்தது. நெருங்க நெருங்க முகம் முழுதாகத் தெரியவேண்டும் என்பதுதான் அவர்கள் கற்பனை. ஜூம் செய்தேன். முகம் பெரிதானது, விழுதும் அதே அளவுக்குப் பெரிதானது. மறைந்திருந்த பாதி கடைசி வரை மறைந்தே இருந்தது. மானிட்டரைக் காட்டி, "இது ஜூம்ல திறக்காது, கேமரா நகர்ந்தாதான் திறக்கும்" என்று அங்கேயே சொன்னேன். "எடிட்ல பாத்துக்கலாம்" என்றார்கள்.

எடிட்டில் பார்க்க ஒன்றுமே இல்லை. எடிட் மேசையில் படத்தைப் பெரிதாக்கினால் அதுவும் ஜூம்தான். கடைக்காரர் பார்த்துவிட்டு, உள்ளே போகிற உணர்வே வரவில்லை என்றார். மறுபடி எடுக்கலாம் என்று நெசவாளருக்குப் போன் செய்தோம். "அந்தச் சேலையை அறுத்துக் குடுத்தாச்சுங்க, தறியில இப்ப வேற கலர் பாவு ஏத்தியிருக்கோம்" என்றார். மற்ற ஷாட்டெல்லாம் அந்த நிறத்தில் இருக்க, இதை மட்டும் வேறு நிறத்தில் எடுத்து ஒட்ட முடியாது. ஷாட்டே போனது. என் மீதிச் சம்பளத்தில் கை வைத்தார்கள். கேமராமேனுக்கு மூவ்மென்ட் தெரியவில்லை என்று மின்னஞ்சலில் எழுதினார்கள். எழுதியவர்களுக்குத்தான் தெரியவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

வேறுபாடு இதுதான். ஜூமில் லென்ஸின் குவியத் தூரம் மட்டும் மாறுகிறது. கேமரா நின்ற இடத்திலேயே நிற்கிறது. அருகில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரே விகிதத்தில் பெரிதாகும். எது எதை மறைக்கிறது என்பது மாறவே மாறாது. டிராக்கில் கேமராவே நடக்கிறது. அருகில் உள்ள பொருள் வேகமாகப் பெரிதாகி பிரேமின் ஓரத்துக்கு ஒதுங்கும், பின்னால் உள்ளது மெதுவாக வளரும், மறைந்திருந்தது வெளிப்படும். பார்க்கிறவருக்கு நாமும் அந்த இடத்துக்குள் போகிறோம் என்ற உணர்வு வருவது அதனால்தான். 1914இல் ஜொவான்னி பஸ்ட்ரோனே எடுத்த இத்தாலியப் படமான 'கபீரியா'விலேயே கேமராவைச் சக்கரத்தில் ஏற்றி நகர்த்தினார்கள். சினிமாக்காரர்கள் அன்று தொட்டு அந்தச் சிரமத்தைப் படுவது காரணமில்லாமல் இல்லை.

இரண்டும் ஒன்றுதான் என்று இன்னும் சொல்கிறவரிடம் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'வைப் போட்டுக் காட்டுங்கள். 1958இல் வந்த படம். கோபுரப் படிக்கட்டில் நின்று கீழே பார்க்கிற நாயகனுக்குத் தலை சுற்றுவதைக் காட்ட, ஜூமையும் டிராக்கையும் ஒரே நேரத்தில் எதிரெதிர் திசையில் இயக்கினார்கள். படிக்கட்டின் சிறிய மாதிரி ஒன்றைப் படுக்கவைத்துத்தான் அதை எடுத்தார்கள். பிரேமின் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்க, ஆழம் மட்டும் இழுபடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்றை மற்றொன்று அழித்து, திரையில் எதுவும் நடந்திருக்காது.

மற்ற சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நினைவில் வைக்க உங்கள் உடம்பே போதும். நின்ற இடத்தில் நின்று கழுத்தை இடம் வலமாகத் திருப்பினால் பேன். தலையை மேலும் கீழும் அசைத்தால் டில்ட். எழுந்து நடந்தால் டிராக். உட்கார்ந்து எழுந்தால் பெடஸ்டல். அதையே ஜிப்பிலோ கிரேனிலோ செய்தால் பூம் அப், பூம் டவுன். தலையைத் தோள் பக்கம் சாய்த்தால் ரோல். அப்படிச் சாய்ந்த நிலையிலேயே எடுப்பது டச் ஆங்கிள்.

'பேன் அப்' என்று எழுதுகிறவர்கள் ஏராளம். பேன் என்பதே பனோரமாவின் சுருக்கம். அது பக்கவாட்டில் மட்டும்தான். மேலே போவது டில்ட் அப். இதில் பணம் போகாது, ஏனென்றால் இரண்டுக்கும் அதே ஹெட்தான். ஆனால் பேனின் வேகத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். 24 பிரேமில் எடுக்கும்போது ஒரு பொருள் பிரேமின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போக 7 நொடியாவது ஆகவேண்டும் என்பது ஒளிப்பதிவாளர்கள் வழிவழியாகச் சொல்லும் கணக்கு. அதைவிட விரைந்தால் காட்சி உதறும். விப் பேன் மட்டும் விலக்கு. அதில் எல்லாம் கலங்கிப் போவதுதான் நோக்கம்.

பக்கவாட்டில் கேமராவே நகர்ந்தால் அமெரிக்க டி.வி. வழக்கில் 'ட்ரக்', பிரிட்டிஷ் வழக்கில் 'கிராப்', நம் யூனிட்டில் அதுவும் டிராக்தான். 'ட்ரக் லெஃப்ட்' என்று பார்த்துவிட்டு லாரி வருகிறது என்று நினைத்த புரொடக்‌ஷன் ஆட்களிடம் நான் வேலை செய்திருக்கிறேன். 'டாலி இன்' என்றாலும் 'டிராக் இன்' என்றாலும் நமக்கு ஒரே சாமான்தான்.

'ஸ்டெடி ஷாட்' என்ற சொல்லில் இன்னும் கவனமாக இருங்கள். ஆடாமல் நிற்கும் ஷாட் என்று நினைத்துச் சிலர் எழுதுவார்கள். ஸ்டெடிகேம் வேண்டும் என்று நினைத்துச் சிலர் எழுதுவார்கள். ஸ்டெடிகேம் என்பது காரெட் பிரவுன் உருவாக்கிய கருவி. 1976இல் 'பவுண்ட் ஃபார் குளோரி', 'ராக்கி' ஆகிய படங்களிலேயே அதைப் பயன்படுத்திவிட்டார்கள். உடம்பில் மாட்டிக்கொண்டு நடக்க, அதற்கென்று பழகிய ஆள் வேண்டும். முதல் வகைக்கு ட்ரைபாட் போதும். இரண்டுக்கும் உள்ள வாடகை வித்தியாசம் உங்கள் ஒருநாள் சம்பளத்தை விழுங்கிவிடும்.

இனி நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஒவ்வொரு மூவ்மென்ட்டுக்கும் மூன்று கேள்வி: கேமரா இடம் விட்டு நகர்கிறதா? நின்ற இடத்தில் திரும்புகிறதா? லென்ஸ் மட்டும் வேலை செய்கிறதா? பதிலைத் தமிழில் ஒரு முழு வாக்கியமாக எழுதி வாங்குங்கள். 'கேமரா வாசலிலிருந்து தறி வரை நகர்ந்து போகவேண்டும்' என்று எழுதிவிட்டால் எந்தச் சொல்லைப் போட்டாலும் யாரும் தப்ப முடியாது.

போனில் பேசியதை அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'ஆம்' என்ற பதில் வாங்கி வையுங்கள். என்னிடம் அன்று அது இருந்திருந்தால் மீதிப் பணம் வந்திருக்கும்.

கொட்டேஷனில் ட்ராலியைத் தனி வரியாகக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர்களே அடித்துக் கொடுக்கட்டும். ட்ராலிக்கு வழியில்லாத இடத்துக்கு ஒரு ஸ்லைடராவது சொந்தமாக வாங்கி வண்டியில் போட்டுவிடுங்கள். சின்ன நகர்வு, நெருங்கிய பொருள் என்றால் அதுவே காப்பாற்றும். கடன் வாங்கியாவது நான் வாங்கிவிட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

இவ்வளவுக்கும் பிறகு "ரெண்டும் ஒண்ணுதானே" என்கிறவரிடம் அட்வான்ஸ் வாங்காதீர்கள். நான் அந்த ஏஜென்சிக்கு மறுபடி போகவில்லை. கூப்பிட்டார்கள், எழுதித் தாருங்கள் என்றேன், தரவில்லை. அந்த நாளில் வேறு இடத்துக்கு, முழுச் சம்பளத்துக்கு, ட்ராலியோடு போய் வந்தேன்.