மூலிகைப் பெட்ரோலும் மூன்று கேள்விகளும்

விஞ்ஞானச் செய்தி ஒன்று வந்துவிட்டால் நம்மவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி "ஆகா!" என்று வாயைப் பிளக்கும். மற்றது "போங்க சார், எல்லாம் கதை" என்று சிரிக்கும். இந்த இரண்டு கட்சிக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டு பேருமே காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. நம்புவதும் சுலபம், சிரிப்பதும் சுலபம். நடுவில் இருக்கும் வேலைதான் கொஞ்சம் கஷ்டம். அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதே இந்தப் பாடம். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படிக்கலாம். எட்டாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும்.

சிரித்தவர்கள் ஏமாந்த கதை

முதலில் நம் பக்கத்து ஊர்க் கதை. ஸ்ரீ சிட்டியில் குடியிருக்கும் நமக்கு ஸ்ரீஹரிகோட்டா கூப்பிடு தூரம். ராக்கெட் கிளம்பும் நாளில் மொட்டை மாடிக்குப் போனால் நெருப்பு வால் தெரியும். இன்று அதைப் பார்த்துப் பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். ஆனால் 1979 ஆகஸ்ட் 10-ஆம் தேதி அங்கிருந்து கிளம்பிய முதல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் சில நிமிடங்களில் வங்காள விரிகுடாவில் விழுந்தது. எஸ்.எல்.வி. என்றால் "ஸீ லவ்விங் வெஹிக்கிள்", அதாவது கடல்மீது காதல் கொண்ட வண்டி, என்று விளக்கம் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு.

சிரித்தவர்கள் சிரித்துக்கொண்டிருக்க, அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்த அப்துல் கலாமும் அவருடைய குழுவினரும் என்ன செய்தார்கள்? எங்கே கோளாறு என்று தேடினார்கள். இரண்டாம் கட்டத்தைத் திசைதிருப்பும் அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடாமல் அமிலம் கசிந்திருந்தது தெரிந்தது. அதைத் திருத்திக்கொண்டு, 1980 ஜூலை 18-இல் மறுபடியும் ஏவினார்கள். 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் போய் உட்கார்ந்தது.

வெளிநாட்டார் சிரிப்பும் உண்டு. 2014 செப்டம்பரில் மங்கள்யான் முதல் முயற்சியிலேயே செவ்வாயை அடைந்தது. செலவு சுமார் 450 கோடி ரூபாய். அப்போது நியூயார்க் டைம்ஸ் ஒரு கேலிச்சித்திரம் போட்டது. தலைப்பாகை கட்டிய விவசாயி ஒருவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு, பெரிய மனிதர்களின் விண்வெளிச் சங்கத்துக் கதவைத் தட்டுவது போன்ற படம். எதிர்ப்பு வலுக்கவே பத்திரிகை வருத்தம் தெரிவித்தது.

நம்பியவர்கள் ஏமாந்த கதை

இப்போது மறுபக்கம். 1996-ஆம் ஆண்டு. ராஜபாளையம் பகுதியைச் சேர்ந்த ராமர் பிள்ளை, ஒரு மூலிகையைக் கொண்டு தண்ணீரை எரிபொருளாக்கிக் காட்டுவதாகச் சொன்னார். மூலிகையைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சி, உப்பும் எலுமிச்சையும் சேர்த்துக் கலக்கினால், எரிபொருள் மேலே மிதக்கும். கொளுத்தினால் எரியும். டில்லி வரை போய்ச் செய்து காட்டினார். படித்த பெரியவர்கள் சிலரும் வியந்து பேசினார்கள். தமிழ்ப் பத்திரிகைகளில் நாள்தோறும் அதே பேச்சு.

இதை நம்பியவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. அந்த நம்பிக்கைக்குள் ஓர் ஆசை இருந்தது. பள்ளிப் படிப்பை முடிக்காத ஒரு தமிழ்நாட்டுக் கிராமத்து இளைஞர் உலகத்து எண்ணெய் முதலாளிகளையெல்லாம் மண்டியிட வைக்கப் போகிறார் என்றால் யாருக்குத்தான் இனிக்காது? சந்தேகம் கேட்டவர்களுக்கு "தமிழன் முன்னேறினால் உங்களுக்குப் பொறுக்காதே" என்ற பதில் தயாராக இருந்தது. இந்தப் பதிலைக் கவனியுங்கள். இதில் பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

முதல் கேள்வி: வரவு எங்கே, செலவு எங்கே?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. விஞ்ஞானச் செய்திக்கும் அதுவே முதல் விதி.

தண்ணீரில் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் உண்டு. கார்பன் கிடையாது. பெட்ரோலின் எடையில் சுமார் 85 சதவீதம் கார்பன். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 740 கிராம் எடை. அப்படியானால் அதில் கார்பன் மட்டும் சுமார் 630 கிராம். இது எங்கிருந்து வரும்? தண்ணீர் தராது. மூலிகைதான் தர வேண்டும். உலர்ந்த இலையில் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே கார்பன் இருக்கும். ஒரு துளி வீணாகாமல் எல்லாக் கார்பனும் பெட்ரோலாக மாறியது என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ அளவுக்கு உலர்ந்த இலை வேண்டும். பச்சை இலை என்றால் ஐந்தாறு கிலோ. ஒரு கைப்பிடி இலையில் இது நடக்காது. இந்தக் கணக்குக்கு ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை. சமையலறைத் தராசு போதும்.

இன்னொன்றும் உண்டு. தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. குளிர்காலக் காலையில் கார் புகைக்குழாயின் நுனியில் சொட்டுவது அதுதான். அடுப்புச் சாம்பலை அள்ளி அதே அடுப்பில் போட்டு மறுபடியும் சோறு சமைக்க முடியுமா?

"நீராவி எஞ்சின் தண்ணீரில்தானே ஓடியது?" என்று சிலர் கேட்பார்கள். ரயில்வேயில் காலம் தள்ளியவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். அந்த எஞ்சின் நிலக்கரியைவிடப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும் என்பது உண்மை. ஒரு கிலோ கரிக்கு ஐந்து, ஆறு கிலோ தண்ணீர் ஆவியாகும். ஆனால் சக்தி முழுவதும் கரியிலிருந்து வருவது. தண்ணீர் அந்தச் சக்தியைச் சுமந்து போகும் கூலியாள். கரி இல்லாமல் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தால், எஞ்சின் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இரண்டாவது கேள்வி: கோல் யார் கையில்?

1996 செப்டம்பர் இறுதியில் சென்னை ஐ.ஐ.டி.யில் சோதனை நடந்தது. மற்றவர்கள் கண்காணித்துச் செய்தபோது எரிபொருள் வரவில்லை. கலக்கும் கோலின் உட்புறம் பொள்ளலாக இருந்தது, அதில் எரிபொருளை நிரப்பி மெழுகால் அடைத்திருந்தார்கள், சூடான நீரில் மெழுகு உருகியதும் எரிபொருள் வெளியே வந்து மிதந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. இத்தனை பேர் இலையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோலைப் பார்க்கத் தோன்றவில்லை. மாஜிக்காரரின் தொழில் ரகசியமும் இதுதானே? நம் கண்ணை அவர் விரும்பும் இடத்தில் வைத்திருப்பது.

ஆகவே இரண்டாவது விதி இது: செய்து காட்டுகிறவரின் சாமானை மாற்றிவிட்டு, வேறொருவர் செய்தாலும் அதே பலன் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ராக்கெட்காரர்கள் கோளாறு வந்ததும் தாங்களே வால்வைத் தேடிப் போனார்கள். மூலிகைக் கதையில் கோலை மாற்றியதும் பெட்ரோல் காணாமற்போயிற்று. உண்மைக்குச் சோதனை பயமில்லை.

சோதனை என்றால் பெரும் செலவு என்று நினைக்க வேண்டாம். 1995 செப்டம்பர் 21-இல் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடு முழுவதும் கோயில் வாசலில் வரிசை நின்றது நினைவிருக்கும். மத்திய விஞ்ஞானத் துறையினர் டில்லியில் பாலில் நிறம் கலந்து கொடுத்தார்கள். கரண்டியில் குறைந்த பால் சிலையின் மீதே மெல்லிய படலமாக வழிந்து இறங்குவது நிறத்தால் தெரிந்தது. திரவத்தின் மேற்பரப்பு இழுவிசையும் கரண்டியின் சாய்வும் செய்த வேலை. இதனால் யாருடைய பக்தியும் குறைந்துவிடவில்லை. பிள்ளையார் அதே இடத்தில்தான் இருக்கிறார். பால் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு மட்டும் பதில் கிடைத்தது.

மூன்றாவது கேள்வி: சோதனைக்கு முன்பே பணமா?

சென்னைச் சோதனையோடு மூலிகைப் பெட்ரோல் கதை முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். முடியவில்லை. அதன் பிறகும் மூலிகை எரிபொருள் என்ற பெயரில் விற்பனை நடந்தது. 2000-இல் சி.பி.ஐ. வழக்குத் தொடர்ந்தது. விற்றது டொலுவீன், நாஃப்தா போன்ற பெட்ரோலியப் பொருள்களின் கலவை என்பது குற்றச்சாட்டு. 2016-இல் சென்னை நீதிமன்றம் ராமர் பிள்ளைக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது. முதல் செய்திக்கும் தீர்ப்புக்கும் நடுவே 20 ஆண்டுகள். அதற்குள் காசு கொடுத்து வாங்கி வண்டியில் ஊற்றியவர்கள் எத்தனையோ பேர். அறிவியல் நிரூபணம் பின்னால் வரும், பணம் முன்னால் வரட்டும் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்றைய செய்திக்கு இந்த மூன்றும்

இப்போது செய்தி கைபேசியில் வருகிறது. சொல்கிறவர் நம் மச்சானோ சித்தப்பாவோ ஆக இருப்பதால் சந்தேகம் கேட்கவும் கூச்சம். "ப்ளக்கில் செருகினால் மின்சாரக் கட்டணம் பாதியாகும்" என்று ஒரு சிறு பெட்டியை விற்கிறார்கள். வீட்டு மீட்டர் நாம் செலவழித்த யூனிட்டைக் கணக்கிடுகிறது. ஃபேனும் ஃபிரிட்ஜும் செய்யும் வேலையை அந்தப் பெட்டி குறைக்காது. நம்பிக்கை இல்லையா? ஒரு வாரம் செருகி வைத்தும், ஒரு வாரம் கழற்றி வைத்தும் மீட்டரைப் படித்து எழுதுங்கள். கோல் இப்போது உங்கள் கையில்.

ஆனால் எல்லாவற்றையும் கேலி செய்துவிடவும் கூடாது. "தண்ணீரை மட்டும் வெளியே விடும் ரயில்" என்று ஒரு செய்தி வந்தால் மூலிகைப் பெட்ரோல் ஞாபகத்தில் சிரித்துவிடத் தோன்றும். சிரிக்காதீர்கள். 2018-இல் ஜெர்மனியில் அத்தகைய ஹைட்ரஜன் ரயில் பயணிகளை ஏற்றி ஓடத் தொடங்கியது. செய்தது ஆல்ஸ்டாம் நிறுவனம். நம் ஸ்ரீ சிட்டித் தொழிற்சாலையில் மெட்ரோ ரயில் பெட்டிகள் செய்யும் அதே நிறுவனம்தான். முதல் கேள்வியைக் கேளுங்கள்: சக்தி எங்கிருந்து வருகிறது? தொட்டியில் நிரப்பிய ஹைட்ரஜனிலிருந்து. அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேரும்போது மின்சாரம் பிறக்கிறது, தண்ணீர் மிஞ்சுகிறது. அந்த ஹைட்ரஜனை முன்கூட்டியே வேறு இடத்தில், சக்தி செலவழித்துத் தயாரித்தாக வேண்டும். எவ்வளவு செலவு, கட்டுப்படியாகுமா என்பது வேறு விவாதம். கணக்கில் மட்டும் ஓட்டை இல்லை. தண்ணீரைக் குடித்து ஓடும் ரயில் பொய். தண்ணீரைக் கக்கி ஓடும் ரயில் மெய். இரண்டுக்கும் செய்தித் தலைப்பு ஒன்று போலவே இருக்கும்!

ஊரை விட்டு வந்து வாழும் நமக்குத் தமிழன் பெருமை என்றால் மனம் சற்று அதிகமாகவே இளகும். அது தப்பில்லை. ஆனால் நம் பிள்ளைகள் தெலுங்கு, ஹிந்திப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். பொய்யான பெருமையை அங்கே எடுத்துப் போனால், கேள்வி வரும்போது தலைகுனிவது அவர்கள்தான். பெருமைக்கு நமக்கென்ன பஞ்சமா? 1980-இல் ரோகிணியை மேலே அனுப்பிய குழுவை நடத்திச் சென்றவர் ராமேசுவரத்துக்காரர். அந்தப் பெருமை சோதனையில் தேறியது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். விசாரிக்கும் பழக்கம் வர இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வீட்டுப்பாடம். ஒரு கருங்கல் துண்டையோ அம்மிக் குழவியையோ நன்றாக நனைத்து நிறுத்துங்கள். கரண்டி நிறையப் பால் எடுத்து, மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை கலந்து, கரண்டி விளிம்பு கல்லைத் தொடும்படி சற்றே சாய்த்துப் பிடியுங்கள். பால் எந்த வழியாகப் போகிறது என்று பிள்ளைகளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். விடையை நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டாம்.