புங்கா லாரல் கப்பல் மீட்கப்பட்ட வரலாறு



செம்பனைக் குலைகள் தோட்டத்திலிருந்து ஆலைக்குச் சென்று எண்ணெயாவதை நீங்கள் அறிவீர்கள். அவ்வெண்ணெயில் ஒரு பகுதி கப்பலேறி, இந்துமாக்கடல், ஏடன் வளைகுடா, செங்கடல், சூயஸ் கால்வாய் ஆகியவற்றைக் கடந்து ஐரோப்பாவை அடைகின்றது. உங்கள் பெற்றோர் சிந்தும் வியர்வையின் பயன் இவ்வாறு கடல் மாலுமிகளின் கைகளில் ஒப்படைக்கப்படுகின்றது. அம்மாலுமிகளுக்கு நேர்ந்த இடரையும், அவர்கள் மீட்கப்பட்ட முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

கொள்ளை தோன்றிய காரணம்

ஏடன் வளைகுடாவின் தென்கரையில் உள்ள நாடு சோமாலியா. 1991ஆம் ஆண்டில் அங்கு உள்நாட்டுப் போரால் அரசு வீழ்ந்தது. கடலைக் காக்க எவருமில்லை. அயல்நாட்டு மீன்பிடிக் கப்பல்கள் அக்கடலின் வளத்தை வாரிச் சென்றன. வறுமையுற்ற இளைஞர் சிலர் துப்பாக்கி ஏந்தினர். பணம் படைத்த தீயோர் அவர்களைப் பயன்படுத்திக் கொண்டனர். விரைவுப் படகில் வந்து, ஏணி வைத்துக் கப்பலில் ஏறி, மாலுமிகளைச் சிறைப்பிடித்துப் பிணைப்பணம் கேட்பதே கொள்ளையரின் வழக்கம்.

நம் நாட்டிற்கு நேர்ந்த இழப்பு

2008ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், மிஸ்க் நிறுவனத்தின் இரு கப்பல்கள் பத்து நாள் இடைவெளியில் பிடிபட்டன. அவற்றுள் ஒன்றான புங்கா மெலாத்தி டுவா, செம்பனை எண்ணெய் ஏற்றிச் சென்ற கப்பலாகும். அதிலிருந்த பிலிப்பைன்ஸ் நாட்டு மாலுமி ஒருவர் உயிரிழந்தார். பிணைப்பணம் கொடுத்த பின்னர், செப்டம்பர் இறுதியில் கப்பல்கள் விடுவிக்கப்பட்டன.

மலேசிய அரச கடற்படை உடனே அக்கடலுக்குக் காவற்கப்பல்களை அனுப்பியது. 2009இல், மிஸ்க் நிறுவனத்தின் சரக்குக் கப்பல் ஒன்று கடற்படையின் துணைக்கப்பலாக மாற்றப்பட்டது. அதன் பெயர் புங்கா மாஸ் லீமா. அதில் ஹெலிகாப்டரும், பாஸ்கல் எனப்படும் கடற்படைச் சிறப்புப் பிரிவின் வீரர்களும் இடம்பெற்றனர்.

மீட்பு

2011ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 20ஆம் நாள். மசகு எண்ணெயும், எளிதில் தீப்பற்றும் வேதிப்பொருளும் ஏற்றியிருந்த புங்கா லாரல், ஓமான் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 300 கடல் மைல் தொலைவில் சென்று கொண்டிருந்தது. காவற்கப்பலை விட்டுப் பிரிந்த சிறிது நேரத்தில் கொள்ளையர் எழுவர் அதில் ஏறினர்.

மாலுமிகள் 23 பேரும் பிலிப்பைன்ஸ் நாட்டவர். அவர்கள் சிதறி ஓடவில்லை. கொள்ளையரை எதிர்க்கவும் துணியவில்லை. பாதுகாப்பு அறைக்குள் ஒன்றுகூடிக் கதவைப் பூட்டிக் கொண்டு, அபாய அறிவிப்பை அனுப்பினர்.

அப்பொழுது புங்கா மாஸ் லீமா 14 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 26 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அறிவிப்புக் கிடைத்ததும் அது விரைந்து வந்தது. ஹெலிகாப்டர் வானிலிருந்து கொள்ளையரின் தாய்க்கப்பலை அடக்கி வைத்தது. பாஸ்கல் வீரர்கள் படகுகளில் சென்று புங்கா லாரலில் ஏறினர். துப்பாக்கிச் சண்டையில் கொள்ளையர் மூவர் காயமுற்றனர், எழுவரும் பிடிபட்டனர். மாலுமிகளில் எவருக்கும் தீங்கில்லை. பிடிபட்டோர் கோலாலம்பூருக்குக் கொண்டுவரப்பட்டு, நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, 2013இல் சிறைத்தண்டனை பெற்றனர்.

மறுநாள் நிகழ்ந்தது

சனவரி 21ஆம் நாள் தென்கொரியக் கடற்படை, சாம்ஹோ ஜுவல்ரி என்னும் கப்பலை மீட்டது. அக்கப்பலின் மாலுமிகளும் பாதுகாப்பு அறையில்தான் ஒளிந்தனர். ஆனால் உதவி வெகுதொலைவில் இருந்தமையால் கொள்ளையர் அறையை உடைத்து நுழைந்துவிட்டனர். ஆறு நாள்களுக்குப் பின்னரே மீட்பு கைகூடியது. மாலுமிகள் 21 பேரும் உயிருடன் மீட்கப்பட்டனர். எனினும் கப்பல் தலைவர் குண்டடி பட்டு, உயிருக்குப் போராடிப் பிழைத்தார். கொள்ளையர் எண்மர் மாண்டனர்.

நாம் அறிய வேண்டுவது

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பூட்டிய கதவு மட்டும் போதாது. விரைந்து வரும் உதவியும் வேண்டும். உதவி அருகில் இருந்தாலும், மாலுமி ஒருவரேனும் வெளியே அகப்பட்டிருந்தால் வீரர்கள் துப்பாக்கியை உயர்த்தத் தயங்கியிருப்பர். ஆகவே புங்கா லாரல் மீட்பின் பெருமையில் வீரர்களுக்கு உள்ள பங்கு, ஆயுதம் ஏந்தாத அம்மாலுமிகளுக்கும் உண்டு. அவர்கள் முன்னரே கற்ற ஒழுங்கை இடர் வந்த வேளையில் மறவாது கடைப்பிடித்தனர்.

பள்ளியில் தீயணைப்புப் பயிற்சிக்கு மணி அடிக்கும்போது சிலர் சிரித்துக் கொண்டே வரிசையில் நிற்பதுண்டு. இனி அம்மணியோசை கேட்கும்போது அந்த 23 மாலுமிகளை நினைத்துக் கொள்ளுங்கள்.

வினாக்கள்

1. சோமாலியாவில் கடற்கொள்ளை பெருகியதற்குரிய காரணங்கள் யாவை?
2. 2008ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்குப் பின் நம் நாடு மேற்கொண்ட நடவடிக்கைகள் யாவை?
3. இரு கப்பல்களின் மாலுமிகளும் பாதுகாப்பு அறையில் ஒளிந்தனர். முடிவுகள் வேறுபட்டமைக்குக் காரணம் என்ன?
4. உலகப் படத்தில் கிள்ளான் துறைமுகத்திலிருந்து சூயஸ் கால்வாய் வரையுள்ள கடல்வழியை வரைந்து காட்டுக.